தண்ணீர் பட்டிருக்கும்

ஜெயசீலிக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத நன்றாக வரும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் அவளுக்கு வேலையே அதுதான். ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ சரக்கில் குறை என்று மெயில் வந்தால், மேனேஜர் அதை அவளிடம் தள்ளிவிடுவார். மன்னிப்பும் கேட்காமல் சண்டையும் போடாமல், தப்பு தன்னுடையதாக இருக்குமோ என்று எதிராளியே யோசிக்கிற மாதிரி எழுதிவிடுவாள்.

2005-ல் அவள் கணவன் ஜெர்சன் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பை மூடினார்கள். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தவன், இன்டர்நெட்டில் ஏலம் விடுகிற ஒரு தளத்தில் ஷூ விற்கத் தொடங்கினான். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய ஜோடிகளை வாணியம்பாடியில் ஜியாவுல்லா என்கிற வியாபாரியின் கோடவுனிலிருந்து எடுத்து வருவான். வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்துப் படம் எடுத்து ஏற்றுவான். புனேயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் யார் யாரோ விலை ஏற்றிக்கொண்டே போவார்கள். கட்டுவதும் கூரியரில் போடுவதும் அவன் வேலை. வாங்கினவர்கள் குறை சொன்னால் பதில் எழுதுவது ஜெயசீலியின் வேலை. ஒவ்வொரு விற்பனைக்கும் கீழே வாங்கியவர் தன் கருத்தை எழுதலாம், அதை எல்லோரும் படிக்கலாம். ஒரு கெட்ட கருத்து விழுந்தால் அடுத்த ஏலத்துக்கு ஆள் வராது. அதனால் அவள் எந்தக் குறையையும் லேசில் விடமாட்டாள்.

ஒருமுறை கறுப்பு ஷூக்கள் கொஞ்சம் கொடுக்கும்போதே ஜியாவுல்லா சொல்லித்தான் கொடுத்தார். "மேல தோலு அசல், ஜெர்சன். ஆனா பல வருசமா பெட்டியிலயே கெடந்த சரக்கு. சோலுக்கு நான் ஜவாப்தாரி இல்ல." விலை கம்மி என்பதால் ஜெர்சன் மொத்தமாக எடுத்துக்கொண்டான்.

அதில் ஒரு ஜோடி அரக்கோணத்துக்குப் போனது. வாங்கியவள் பெயர் கிறிஸ்டினா. ஷூ போய்ச் சேர்ந்த சில நாட்களில் அவளிடமிருந்து புகார் வந்தது. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்த அப்பா ரிட்டையர் ஆகும் நாளில் போட்டுக்கொள்ள வாங்கினாளாம். மாலை போட மேடைக்குக் கூப்பிட்டபோது நடக்க நடக்க சோல் துண்டு துண்டாக உதிர்ந்து, மேடை வரைக்கும் கறுப்புத் தூள் விழுந்ததாம். எல்லோரும் பார்த்தார்கள் என்று தட்டுத்தடுமாறின ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

ஜெயசீலி முதலில் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஷூவில் தண்ணீர் பட்டதா?

கிறிஸ்டினா உள்ளதை எழுதினாள். காலையில் பிளாட்பாரம் கழுவியிருந்தார்கள், அந்த ஈரத்தில் அப்பா கொஞ்சம் நடந்ததாகச் சொல்கிறார் என்றாள்.

அந்த வரி போதுமாயிருந்தது. ஜெயசீலி எல்லோரும் படிக்கிற இடத்தில், அடியில் தன் பெயரையும் போட்டுப் பதில் எழுதினாள். தண்ணீரில் போட்டு நடந்ததை வாங்கியவரே ஒப்புக்கொண்டுவிட்டார். தன் அப்பாவின் கவனக்குறைவுக்கு விற்றவர்மேல் பழி போடுவது நேர்மையா என்பதைப் படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும். எழுதியதை ஜெர்சனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் சிரித்தான். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்." அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தளத்துக்காரர்களும் புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஜெர்சன் படம் எடுக்க இன்னொரு பெட்டியைத் திறந்தான். ஷூவைப் பிடித்துத் தூக்கியபோது சோலில் கட்டைவிரல் பதிந்தது. பழைய கேக் மாதிரி உதிர்ந்தது. வேறு பெட்டிகளையும் திறந்து பார்த்தார்கள். பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது.

"அப்ப அந்தப் பொண்ணு எழுதினது நெஜம்" என்றாள் ஜெயசீலி.

"நெஜமா இருந்தா இன்னா இப்ப? எழுதினத எழுதியாச்சு. மிச்சத்த விக்காம விட்டுடலாம்."

மிச்சத்தை விற்கப் போவதில்லை என்பதே பெரிய நேர்மை என்று அவளும் சமாதானம் செய்துகொண்டாள். பெட்டிகளை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஆள். கையில் பிளாஸ்டிக் பை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு நின்றார்.

"ஜெர்சன் சார் வீடு இதானே? நான் ஆரோக்கியசாமி. அரக்கோணத்துலேர்ந்து வர்றேன். கூரியர் கவர்ல அட்ரஸ் இருந்துச்சு."

 சண்டைக்கு வந்திருக்கிறார் என்று ஜெயசீலி நினைத்தாள். ஜெர்சனும் அப்படித்தான் நினைத்திருப்பான், அவன் குரல் கொஞ்சம் கெட்டியாகவே இருந்தது. "உக்காருங்க. இன்னா விஷயம்?"

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பையைத் திறந்து ஷூக்களை வெளியே எடுத்தார். தூள் கீழே சிந்தாமலிருக்க அடியில் செய்தித்தாள் விரித்துக்கொண்டார்.

"சார், நான் காசு கேட்டு வரல. நீங்க போட்ட பதில எம்பொண்ணு படிச்சிக் காட்டுனா. அன்னிலேர்ந்து எனக்கு ஒரே பேஜாராக்கீது. நான் அந்த ஈரத்துல கால் வெச்சது நெஜம். கொஞ்சம்தான் வெச்சேன். அதுல இப்படி ஆவுமா, ஆவாதான்னு எனக்குத் தெரியல. நீங்க இந்தத் தொழில்ல இருக்கறவங்க. நேர்ல ஒருவாட்டி பாத்து சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும். எம்மேல தப்புன்னா, எம்பொண்ண அவ எழுதுனத எடுத்துடச் சொல்றேன். உங்க பேருக்குக் கெடுதலா ஒரு பொய் அங்க இருக்கக் கூடாது பாருங்க."

ஜெர்சன் ஷூவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜெயசீலி அவன் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். அவன் சொல்லாவிட்டால் நாம் சொல்லலாம் என்றும் நினைத்தாள்.

"தண்ணி பட்டிருக்கு சார்" என்றான் ஜெர்சன். "இது வெளிநாட்டு சோல். ஈரம் ஒத்துக்காது."

ஆரோக்கியசாமி ஜெயசீலியைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதானேம்மா அந்தப் பதில எழுதுனது? நீங்க இன்னா சொல்றீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். "இருக்கலாம்" என்று மட்டும் வந்தது.

அவர் தலையாட்டிக்கொண்டார். ஷூக்களைச் செய்தித்தாளோடு சுருட்டிப் பையில் வைத்தார். "அப்ப நான்தான் பாத்து நடந்திருக்கணும். அவ ஆசையா வாங்கிக் குடுத்தா." காபி குடிக்கச் சொன்னபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை ஜெயசீலி வாசலில் நின்றாள். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து தளத்தில் கிறிஸ்டினாவின் வரிகள் வந்திருந்தன. அப்பா விசாரித்துவிட்டார், தவறு எங்களுடையது, விற்றவர் நல்லவர், மன்னிக்கவும். ஜெர்சன் அதைப் பார்த்து மேசையைத் தட்டினான். "பாத்தியா? இனிமே ஜாஸ்தி ஆளு வரும்." ஜெயசீலி கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து போய்விட்டாள். அன்றைக்குக் கம்பெனியில் ஏதோ ஒரு மெயிலுக்கு வழக்கமாக எழுதும் வரியை அடிக்க ஆரம்பித்து, பாதியில் கை நின்றது. தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டாள். வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்டேஷனுக்குப் போய் அரக்கோணத்துக்கு டிக்கெட் எடுத்தாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை. ரயில்வே காலனியைத் தாண்டி மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில், ஆரோக்கியசாமி என்றதும் காட்டினார்கள். கதவைத் திறந்தவள் கிறிஸ்டினா. நர்ஸிங் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெண். ஜெயசீலி தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. ஆனாலும் "உள்ள வாங்க" என்றாள். அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

ஜெயசீலி உட்காரவில்லை. "உங்க அப்பா மேல தப்பு இல்லம்மா. அந்த ஷூவே பழசு. எங்ககிட்ட இருக்கற மத்த ஜோடியும் அப்படியேதான் உதிருது. நாங்க பாத்தோம்."

"எப்ப பாத்தீங்க?"

"அவரு வர்றதுக்கு முன்னாடியே."

 "நான் அவர எப்படித் திட்டுனேன் தெரியுமா? ஒரு நாளு பாத்து நடக்கத் தெரியாதான்னு கேட்டேன். அவரு பதிலே பேசல" என்றாள் கிறிஸ்டினா. பிறகு துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "வாங்க. இங்க பக்கத்துலயே பிரவுசிங் சென்டர் இருக்கு. எங்க எழுதுனீங்களோ அங்கயே எழுதுங்க."

தட்டி மறைத்த சின்ன அறையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜெயசீலி தங்கள் கணக்கைத் திறந்து, அந்தப் பதிலுக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று விரல்கள் தாமாகவே ஓடின.

"சிரமம், வருத்தம் அதெல்லாம் வேணாம்" என்றாள் கிறிஸ்டினா திரையைப் பார்த்தபடி. "பொய்னு எழுதுங்க. தெரிஞ்சே சொன்ன பொய்னு."

ஜெயசீலி அழித்துவிட்டு எழுதினாள். எத்தனையோ பெரிய கம்பெனிகளுக்குப் பதில் எழுதியவளுக்கு அந்த மூன்று வரிக்கு வியர்த்துவிட்டது. ஷூ கெட்டுப்போன சரக்கு. வாங்கியவர் சொன்னது உண்மை. அவர் தந்தையிடம் நாங்கள் தெரிந்தே பொய் சொன்னோம்.

"இத அவருகிட்ட நீங்களே சொல்லணும்" என்றாள் கிறிஸ்டினா. "தமிழ்ல."

அவர்கள் திரும்பியபோது ஆரோக்கியசாமி வந்திருந்தார். ஜெயசீலி நின்றபடியே சொன்னாள். கணவன் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. தனக்கும் தெரியும் என்றே சொன்னாள்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார். "அன்னிக்கி உங்க வீட்ல மூணு பேரு உக்காந்திருந்தோம்" என்றார் கடைசியில். "எனக்கு மட்டும்தான் தெரியாது, இல்ல?"

"ஆமாங்க."

"சரிம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். கிறிஸ்டினா கதவு வரை வந்தாள்.

வீட்டில் ஜெர்சன் கத்தினான், பிறகு சில நாள் பேசாமலிருந்தான். ஏலத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது. அதே சரக்கை வாங்கின வேறு இரண்டு பேரும் எழுதினார்கள். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளை ஒரு காலையில் ஜெர்சனே தூக்கிக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தான்.  பிறகு ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் வேலை கிடைத்துப் போனான்.

கிறிஸ்டினா தன் மன்னிப்பு வரிகளை எடுத்துவிட்டிருந்தாள். அந்த இடம் காலியாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெயசீலி ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். அங்கே கிறிஸ்டினா ஏதாவது எழுதியிருப்பாளா என்று தேடுவாள். எதுவும் இருக்காது. அவள் என்ன எழுத வேண்டுமென்று நாம் காத்திருக்கிறோம் என்று ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டபோதுதான், இத்தனை நாளாகத் தனக்கு ஒரு நல்ல வார்த்தை வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களோ என்பதுபோல அவசரமாக அதை மூடினாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.