எட்டாம் மாடி பீப்பாயும் ஏழாம் மாடிச் சாவியும்

அந்த ஜனவரியில் சமோகோவ் ஊரில் அடித்த குளிரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது குறைத்துச் சொன்னதுதான். பூனை கொட்டாவிக்கு வாயைத் திறந்தால், மூடுவதற்கு மார்ச் ஆனது. நம் எட்டு மாடிக் கட்டடத்துக் காக்கைகள் சிறகை விரிக்கப் பயந்து மாடிப்படியில் நடந்தே ஏறின. நாலாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டதாகக்கூடச் சொல்கிறார்கள்.

காக்கை சமாச்சாரம் வேடிக்கை. நெவியானாவுக்கு நடந்தது வேடிக்கை இல்லை.

வீட்டுக்காரர் காலமானபின் எட்டாம் மாடியில் தனியாக இருக்கிறவள் அவள். எழுபத்தொரு வயது. நாற்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். அவள் குரலுக்குக் கம்பியே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து கத்தினாலே தலைநகரத்துக்குக் கேட்கும் என்பார்கள்.

மாலை நாலு மணிக்கு, சமையலுக்கு ஒரு முட்டைக்கோஸ் எடுக்க பால்கனிக்குப் போனாள். பால்கனி மூலையில் பீப்பாய். உப்புத்தண்ணீரில் குளிர்காலம் முழுவதுக்குமான கோஸ். உறைந்துவிடாமல் இருக்க அதற்கு இரண்டு பஞ்சு ரஜாய் போர்த்தியிருந்தாள். அவள் மேலே ஒரு பூப்போட்ட கவுன், காலில் வீட்டுச் செருப்பு. ஒரு நிமிஷ வேலைதானே!

வீட்டுச் சூடு வெளியே ஓடிவிடக் கூடாதென்று கதவை இழுத்துச் சாத்தினாள். கொஞ்சம் வேகமாகவே சாத்திவிட்டாள். உள்ளே 'டக்' என்றது.

அந்தக் கதவுக்குக் கைப்பிடி உள்பக்கம் மட்டும்தான். அதன் திருகு அக்டோபரிலிருந்தே லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்கு முடுக்கலாம், நாளைக்கு முடுக்கலாம் என்று விட்டிருந்தாள். சாத்திய வேகத்தில் கைப்பிடி தானாகக் கீழ்ப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொண்டது.

தள்ளினாள். தோளால் இடித்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டிவியில் யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பழக்கமான தன் வீடு ஒரு விரற்கடை தூரத்தில் மஞ்சள் வெளிச்சத்தில் இருந்தது.

"யாராவது இருக்கீங்களா? ஏய்! எட்டாம் மாடி!"

எல்லா வீட்டிலும் ரெட்டைக் கண்ணாடி, இடுக்கிலெல்லாம் பஞ்சு. கீழே முற்றத்தில் பனியைத் தவிர ஒரு ஆள் இல்லை. நாற்பது வருஷக் குரல் காற்றில் கரைந்தது.

கோஸை அமுக்கி வைத்திருந்த ஆற்றுக்கல் ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடியில் ஓங்கினாள். உப்புத்தண்ணீரில் ஊறிய கல், வழுக்கி, மரத்த விரல்களை விட்டுத் தெறித்துப் பால்கனிக் கம்பிக்கு வெளியே பறந்தது. 'யார் மண்டையோ!' என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து பனிக்குள் 'பொத்'. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

பீப்பாயின் ரஜாயில் ஒன்றை உருவிப் போர்த்திக்கொண்டாள். இன்னொன்றிலும் கை வைத்தாள், நிறுத்தினாள். தண்ணீர் உறைந்துவிட்டால் கையில் மிச்சமிருக்கிற ஒரே ஆயுதமும் போய்விடும்.

ஆமாம், ஆயுதம். ஏழாம் மாடியில், நேர் கீழே, ஸப்ரியான் இருக்கிறான். பஸ் ஓட்டி ரிட்டயரானவன். ஊரில் எல்லோரும் பிள்ளை வளர்த்தால் அவன் பால்கனியில் கறி சாசேஜ் வளர்ப்பான். கொடியில் காயத் தொங்கவிட்டு, தினமும் திருப்பிவிட்டு, பேர்கூட வைத்திருப்பான் என்று சொல்வார்கள். போன வருஷம் நெவியானாவின் பீப்பாய் ஒழுகி அவன் சாசேஜெல்லாம் கோஸ் நாற்றம். அன்று வந்த சண்டையில், அவசரத்துக்கென்று அவனிடம் கொடுத்து வைத்திருந்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்டாள். "சாசேஜுக்கு நியாயம் கிடைக்கிற வரைக்கும் சாவி வராது" என்றுவிட்டான். சாவித் திருடன் என்று கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பீப்பாய்மேல் கிடந்த கோப்பையால் உப்புத்தண்ணீரை மொண்டு மொண்டு கம்பிக்கு வெளியே ஊற்றினாள். கீழே 'தடதட'வென்று பிளாஸ்டிக் சத்தம். பாவி, இந்த வருஷம் விரிப்புப் போட்டு மூடியிருக்கிறான்!

ஆனாலும் நாய்க்குத் திருடன் வாசனை போல அவனுக்கு அந்த வாசனை. இரண்டே நிமிஷத்தில் அவள் வீட்டு மணி விடாமல் அலறியது.

"இங்க இருக்கேன்யா! பால்கனி! பால்கனி!" கண்ணாடியை அறைந்தாள்.

மணி நின்றது. டிவி சத்தம் கேட்கிறது, கதவைத் திறக்கவில்லை; வேண்டுமென்றே செய்கிறாள் என்று திரும்பிப் போய்விட்டான்.

சூரியன் ரீலா மலைக்குப் பின்னால் போனது. கால் விரல்கள் யாருடையவோ ஆகிவிட்டன. நடுக்கமும் நின்றுவிட்டது. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. உட்கார்ந்தால் இதமாக இருக்கும் என்று தோன்றியது. உட்கார்ந்தால் எழுந்திருக்கப் போவதில்லை என்றும் தெரிந்தது.

பீப்பாயைப் பார்த்தாள். ஏப்ரல் வரைக்கும் சாப்பாடு. இரண்டாவது ரஜாயைத் தூக்கி எறிந்தாள். கம்பியின் கீழ் இடைவெளியை நோக்கிப் பீப்பாயை முதுகால் முட்டிச் சாய்த்தாள். ஒரு தடவை. இரண்டு. மூன்றாவதில் கவிழ்ந்தது.

அந்த வெள்ளத்தில் ஸப்ரியானின் விரிப்பு கிழிந்தது, கொடி அறுந்தது, பதினாலு சாசேஜும் ஏழு மாடி இறங்கிப் போயின. அவன் போட்ட கூச்சல் ரெட்டைக் கண்ணாடியையும் தாண்டிக் கேட்டது.

இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. சாவி திரும்பியது.

உள்ளே வந்தவன் பால்கனிக் கதவுக்கு எதிரே நின்று விரலை ஆட்டி வசவைத் தொடங்கினான். "மகராசி, நின்னு வேடிக்கையா பாக்குறே? பொம்பளையா நீ? பதினாலு உருப்படி..." அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு விரல் கைப்பிடியைக் காட்டியது.

அவன் ஆட்டிய விரல் அப்படியே நின்றது. நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தான். கைப்பிடியைப் பார்த்தான். அப்புறம் அவன் கதவைத் திறந்த வேகத்தில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்தில் உட்காரவைத்துக் காலைத் தேய்த்துவிட்டான். அரைமணி நேரம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை: "எங்க என் சாவி?"

நீட்டினான். வாங்கிப் பார்த்தாள். அவன் சட்டைப் பையில் திரும்பப் போட்டாள்.

"வச்சுக்க, திருடா."

அன்றிலிருந்து ஏற்பாடு: பால்கனிக்குப் போகும்போது, இரண்டு வீட்டுக்கும் போகிற ரேடியேட்டர் குழாயில் மூன்று தட்டு, திரும்பி வந்ததும் மூன்று தட்டு. இரண்டாவது தட்டு ஐந்து நிமிஷத்தில் வராவிட்டால் ஸப்ரியான் மேலே வருவான்.

பிப்ரவரியில் ஒருநாள் பால்கனியிலிருந்து திரும்பியவள் டிவியில் லயித்துத் தட்ட மறந்துவிட்டாள். சாவி திரும்பியது. வாசலில் ஸப்ரியான்: உள்ளாடையோடு, கையில் ஸ்பானர், முகம் சுண்ணாம்பு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பால்கனியைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், மறுபடி பால்கனியைப் பார்த்தான்.

தன்னை நினைத்து ஒரு மனுஷன் இப்படிப் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

"உட்காருய்யா," என்றாள் நெவியானா. "முதல்ல ஒரு கால்சட்டை தர்றேன். என் வீட்டுக்காரர்து. உனக்குப் பத்தாது, பரவாயில்ல."