எட்டாவது கேஸ்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பல் தேய்த்தான். சவரம் செய்தான். காபி போட்டு நின்றபடியே குடித்தான். இரண்டு ரொட்டித்துண்டு தின்றான். சட்டைக்குக் காலர் மட்டும் இஸ்திரி போட்டான். மற்றதைக் கோட்டு மறைத்துவிடும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

ஆறே முக்காலுக்கு மாமியார் போன் செய்தார். தினமும் செய்வார்.

"சாப்பிட்டீங்களா மாப்ள?"

"ஆச்சு அத்தை."

"என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி."

"நேத்தும் அதைத்தானே சொன்னீங்க." பிறகு, தினமும் கேட்பதைக் கேட்டார். "அவ கடைசியா எதுவுமே சொல்லலையா?"

"இல்லை அத்தை. ஒண்ணும் சொல்லலை."

மனைவி இறந்து நாற்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது. இந்தப் பொய்க்கும் அதே வயதுதான்.

வீடு மூன்றாவது மாடியில். அவள் இறந்த வாரம் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது, இப்போது ஓடுகிறது. அவன் படியில் இறங்கினான். ஐம்பத்திரண்டு படி. பாதியில் நின்று, கோட்டுப் பைக்குள் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். இருந்தது.

அவன் பொது மருத்துவப் பிரிவில் டாக்டர். மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரியில் இறப்பு ஆய்வுக் கூட்டம் நடக்கும். அந்த மாதம் கைவிட்டுப் போனவர்களை ஒவ்வொருவராக எடுத்து, எங்கே சறுக்கினோம் என்று பார்ப்பார்கள். பெயர் சொல்லக் கூடாது, கேஸ் எண்தான். யாரையும் குற்றம் சொல்லவும் கூடாது. இரண்டாவது விதியைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

இந்த மாதப் பட்டியலில் ஏழு கேஸ். அவன் மனைவி அதில் இல்லை. அவளுக்குக் கேஸ் எண்ணே கிடையாது. அவசர சிகிச்சைப் பிரிவின் ஏட்டில் ஒரு வரி மட்டும் இருந்தது: உயிரற்ற நிலையில் கொண்டுவரப்பட்டார்.

தலைமை டாக்டரம்மா வழக்கம்போல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஆரம்பித்தார். நாலாவது கேஸ், தீக்காயப் பிரிவு. மூன்றாவது மருந்துக்கும் கிருமி மசியவில்லை.

"சளின்னு வர்ற பத்துப் பேர்ல ஏழு பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதறோம்," என்றார் பொது சுகாதாரப் பிரிவு மேடம். எண்ணிக்கை இல்லாமல் 'வணக்கம்' கூடச் சொல்லமாட்டார் என்பதால் அவருக்குப் புள்ளிவிவரம் என்று பெயர். "கிருமிக்கு நாமளே டியூஷன் எடுத்துட்டு இருக்கோம்."

"அதுவும் ஃபீஸ் வாங்காம," என்றான் எதிர் வரிசையிலிருந்த எலும்பு டாக்டர்.

சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. எலும்பு டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். இருவரும் கல்லூரியிலிருந்து கூட்டாளிகள். எலும்புக்கு ஆணி அடிப்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவன் பெயர் ஆணி.

"புது மருந்து ஒண்ணு ஆராய்ச்சியில நல்லா வேலை செஞ்சிருக்காமே?" என்றார் தலைமை டாக்டர்.

"செஞ்சிருக்கு மேடம். ஆனா அந்த ஆராய்ச்சியில அறுபது வயசுக்கு மேல ஒருத்தரைக்கூடச் சேர்க்கலை. நம்ம வார்டுல பாதிப் பேர் அதுக்கு மேலதான். சேர்க்காதவங்களுக்கு என்ன ஆகும்னு எந்தத் தாளும் சொல்லாது," என்றார் புள்ளிவிவரம் மேடம்.

ஏழாவது கேஸ் முடிந்தது. தலைமை டாக்டர் கடிகாரத்தை எடுத்தார்.

"வேற ஏதாவது?"

அவன் எழுந்து நின்றான். "எட்டாவது ஒண்ணு இருக்கு மேடம்."

தலைமை டாக்டர் குரலைத் தணித்தார். "வேணாம்ப்பா. உனக்காகத்தான் அதை எடுக்கலை. வீட்ல நடந்ததை வீட்டோட விட்டுடு."

"வீட்ல நடக்கலை. இங்கதான் நடந்தது."

கோட்டுப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். எல்லோருக்கும் தெரிந்த படிவம்தான். காலில் மாவுக்கட்டுப் போட்டால் அசையாத காலில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆள் போய்விடுவார். அதனால் மாவுக்கட்டுப் போடும் ஒவ்வொருவரிடமும், ரத்தம் உறைவதைக் கூட்டும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்பது உட்பட, பத்துக் கேள்வி கேட்டு நிரப்ப வேண்டும். ஆபத்து அதிகமென்றால் தடுப்பு ஊசி. டோக்கன் வாங்கி, புறநோயாளிச் சீட்டுப் போட்டால் படிவம் தானாக வந்து சேரும்.

அவன் கொண்டுவந்த படிவம் வெறுமையாக இருந்தது.

"கணுக்கால் சவ்வு கிழிஞ்சு வந்தாங்க. பின்பக்கக் கதவு வழியா நேரா உள்ள போய் அரை மணி நேரத்துல கட்டுப் போட்டாச்சு. டாக்டர் வீட்டம்மா, டோக்கன் எதுக்குன்னு விட்டுட்டோம். டோக்கன் இல்ல, சீட்டு இல்ல, இந்தப் படிவமும் இல்ல. பத்தாம் நாள் கெண்டைக்கால் வலின்னாங்க. அதையும் காரிடார்ல நின்னே பேசி முடிச்சாச்சு."

அவன் 'அவங்க' என்றே சொன்னான். கேஸைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள்.

"போன ஒரு வருஷத்து மாவுக்கட்டு அறை ஏட்டைப் பார்த்தேன். வரிசையில நின்னு வந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் படிவம் இருக்கு. நம்ம டாக்டர்கள் குடும்பத்து ஆட்கள் முப்பத்தொரு பேர். ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கறோம். நம்ம வீட்டு ஆளுக்குச் சலுகைதான் கொடுக்கறோம்."

"முப்பத்தொண்ணுல ரெண்டு," என்று புள்ளிவிவரம் மேடம் குறித்துக்கொண்டார். "இது பட்டியல்ல வந்தாகணும் மேடம்."

"சீட்டே இல்லாத கேஸை எதை வெச்சு எழுதறது?" தலைமை டாக்டர் எரிச்சலாகக் கேட்டார். எரிச்சல் அவன்மேல் இல்லை. "பார்த்த டாக்டர் வாயைத் திறந்தாத்தான் உண்டு."

யாரும் ஆணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. ஆணி வாயைத் திறக்காவிட்டால் அவளுடைய கேஸ் அந்த ஒரு வரியோடு போய்விடும். பின்பக்கக் கதவும் திறந்தே இருக்கும்.

ஆணி எழுந்தான்.

"நான்தான் பார்த்தேன் மேடம். ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை கட்டு இறுக்கமா இருக்கும்னு சொல்லித் தளர்த்திவிட்டேன்." பிறகு படிவத்தைக் காட்டினான். "ரெண்டாவது கேள்வி, கருத்தடை மாத்திரை சாப்பிடறீங்களான்னு. தங்கச்சின்னு கூப்பிடற பொண்ணுகிட்ட காரிடார்ல வெச்சு அதை எப்படிக் கேக்கறது? கேக்கலை. இவன் புருஷன், டாக்டர் வேற, பார்த்துப்பான்னு விட்டுட்டேன்."

"சாப்பிட்டுட்டுதான் இருந்தாங்க. எனக்குத் தெரியும்," என்றான் அவன். "ஆணி எல்லாம் கேட்டிருப்பான்னு நான் விட்டுட்டேன்."

"மன்னிச்சிருடா," என்றான் ஆணி, கூட்டத்தை மறந்து.

"உக்காருடா."

தலைமை டாக்டர் கடிகாரத்தை மறுபடி மேசைமேல் வைத்தார். புதுக் கேஸ் தாள் ஒன்றை இழுத்து, தானே எழுதினார். கேஸ் எட்டு. பெண். வயது?

"இருபத்தொன்பது."

"இன்னைலேர்ந்து யார் வீட்டு ஆளா இருந்தாலும் டோக்கன். என் அம்மாவா இருந்தாலும் சரி. பின்பக்கக் கதவுக்குப் பூட்டு. எழுதிட்டேன்." பேனா கீழே இறங்கியது. "கடைசியாகச் சொன்ன தொந்தரவு?"

"மூச்சுத்திணறல்."

"அது நம்ம பாஷைப்பா. இந்தக் கட்டத்துல அவங்க சொன்ன வார்த்தைதான் வேணும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். நோயாளியின் வார்த்தையை மருத்துவ வார்த்தையாக மாற்றும்போதுதான் பாதி விஷயம் கொட்டிப்போகிறது என்று ஜூனியர்களிடம் அவனே வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறான்.

கட்டுப் பிரித்த இரண்டாம் நாள் அது. லிஃப்ட் ஓடவில்லை. பதினொன்று இருபதுக்கு அவள் போன் செய்தபோது அவன் வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். ரெண்டு வாரம் படுத்தே இருந்து வெயிட் போட்டுட்டே என்றான். அவளும் சிரித்தாள், மூச்சு வாங்க. அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான். மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை. சாயங்காலம் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். முதலில் இங்கே.

"சொல்லுப்பா," என்றார் தலைமை டாக்டர்.

சொன்னான். அவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதிக்கொண்டார்.

"பாதிப் படியிலேயே உக்காந்துட்டேங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க."