வயிற்றுக்குள் இரண்டு கட்சி

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு வாய் சத்தம் போடலாம். வயிறு சத்தம் போடக்கூடாது. மாஸ்டருக்கு வயிறுதான் போட்டது. கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டு முடித்ததும், பல் ஒருவழியாகச் சமாதானமாகி, வயிறு சண்டைக்கு வந்துவிட்டது. காலையில் கழிப்பறைக்கு ஓட்டம், மதியம் உப்புசம், நடுநடுவே உறுமல். ஒருநாள் ஒரு கல்லூரி மாணவி, "மாஸ்டர், இன்ஜின்ல ஏதோ சத்தம்" என்று நடுரோட்டில் பிரேக் போட்டுவிட்டாள். அது இன்ஜின் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இறங்கி, பானெட்டைத் திறந்து, எதையோ தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரி. சமையலில் தீராத நோய் உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி.

"மாத்திரை கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் சேர்த்து அடிச்சுட்டுப் போயிடுச்சுங்க. தினம் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிடுங்க, எல்லாம் திரும்பி வந்துடும்."

மாடி வீட்டில் இருக்கும் அவள் தம்பிக்கு மருந்துக் கடையில் வேலை. அவன் கட்சி வேறு.

"மாமா, அக்கா பேச்சைக் கேட்டீங்கன்னா கிண்ணம்தான் காலியாகும். இந்தாங்க, ப்ரோபயாட்டிக் கேப்ஸ்யூல். ஒண்ணுலயே கோடிக்கணக்குல நல்ல கிருமி இருக்கு. அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

அக்காவும் தம்பியும் பிறந்ததிலிருந்து எலியும் பூனையும். மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. மாஸ்டரோ, யார் மனமும் நோகக்கூடாது என்று எல்லாருக்கும் தலையாட்டும் மனிதர். வீட்டில் தயிர்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கேப்ஸ்யூல் டப்பாவைக் காருக்குள் பதுக்கிவைத்தார். இரண்டு பேரும் தனித்தனியாக "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். இரண்டு பேரிடமும் "பரவாயில்லை" என்றார். இரண்டு பேரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். வயிறு மட்டும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை.

அப்போது அவரிடம் கார் பழகிக்கொண்டிருந்தவர்களில் ஒரு டாக்டரம்மாவும் உண்டு. ஆஸ்பத்திரியில் எந்த அவசரத்துக்கும் அசராதவர். ஸ்டியரிங்கைப் பிடித்து ரவுண்டானாவைப் பார்த்தால் மட்டும் அவர் வயிற்றில் புளியைக் கரைக்கும். அன்றைக்கும் ரவுண்டானாவுக்கு முன்னால் காரை ஓரங்கட்டிவிட்டார்.

"இன்னிக்கு வேண்டாம் மாஸ்டர். திரும்பிப் போயிடலாம்."

மாஸ்டர் தைரியம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வயிறு முந்திக்கொண்டது. பெரிய உறுமல். டாக்டரம்மா தலையைத் திருப்பினார்.

"எத்தனை நாளா இப்படி?"

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க வண்டியை எடுங்க மேடம், ஓட்டிக்கிட்டே பேசலாம். முதல் கியர்."

வண்டி நகர்ந்தது. டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டார். காய்ச்சல் உண்டா? ரத்தம் போகிறதா? எடை குறைந்ததா? எல்லாவற்றுக்கும் மாஸ்டர் இல்லை என்றார். கடைசியில் பல் கதை, மாத்திரைக் கதை, மனைவி, மைத்துனன் எல்லாம் வரிசையாக வெளியே வந்துவிட்டன.

"கேப்ஸ்யூலை எதுல முழுங்குறீங்க?"

"ஃபிளாஸ்க்ல சூடா காபி இருக்கும் மேடம். அதுலதான்."

"தயிர்?"

"எனக்குப் புளிப்பு ஆகாது. கொதிக்கிற சூப்ல கலந்து குடிச்சிடுவேன்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "உயிரோட உள்ள போக வேண்டியதை வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டு, ஏன் வேலை செய்யலைன்னா எப்படி? அதுங்களுக்குச் சூடு ஆகாது மாஸ்டர்."

"அப்ப எதைச் சாப்பிடட்டும்? இதுவா, அதுவா?"

"உங்களுக்குத் தயிரே போதும், சூடு பண்ணாம. புளிக்குதுன்னா பழத்தை நறுக்கிப் போட்டுக்குங்க. கேப்ஸ்யூல் சிலருக்கு உதவும், ஆனா எல்லாருக்கும் தேவைப்படாது. ஒரு வாரத்துல சரியாகலைன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க, பரிசோதனை பண்ணிடலாம்."

"வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டரம்மா!"

"பால் வேணாம், தயிரையே வார்த்துக்குங்க."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். ரவுண்டானா பின்னால் எங்கேயோ இருந்தது. பேச்சு மும்முரத்தில் டாக்டரம்மா அதைச் சுற்றி, சரியான சாலையில் திரும்பி, மூன்றாவது கியருக்கும் வந்திருந்தார். சொன்னால் பயந்துவிடுவாரோ என்று மாஸ்டர் அடுத்த சிக்னல் வரைக்கும் அதைச் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்தவர், இரண்டு பேரையும் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, உண்மையைப் போட்டு உடைத்தார். காபி, சூப், ஒளித்து வைத்த டப்பா, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான். சண்டை வெடிக்கப் போகிறது என்று மாஸ்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கொதிக்கிற சூப்லயா?" என்றாள் மனைவி.

"சூடு காபியில கேப்ஸ்யூலா? டப்பாவுலயே பெரிசா எழுதியிருக்கே மாமா!"

"கேளுடா நல்லா! எது சொன்னாலும் மண்டையை ஆட்டுறது, அப்புறம் தன் இஷ்டத்துக்குப் பண்றது."

"எங்கிட்டயும் அதே கதைதான் அக்கா. பரவாயில்லை, பரவாயில்லைன்னு ஒரே பொய்."

இடி முழுக்க மாஸ்டர் தலையில்தான் இறங்கியது. பல்லைச் சரியாகத் தேய்க்காததில் ஆரம்பித்து, கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு வரைக்கும் இழுத்துவைத்துத் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒரே குரலில் பேசி அவர் கேட்டதே இல்லை.

திட்டி ஓய்ந்ததும் தம்பி, "பழம் நான் நறுக்குறேன் அக்கா" என்று எழுந்தான். "சின்னதா நறுக்கு" என்றபடி அவளும் பின்னாலேயே போனாள். சமையலறையிலிருந்து இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பு தன்னைப் பற்றித்தான் என்று மாஸ்டருக்குத் தெரியும். இருந்தாலும் போய்க் கேட்கவில்லை. காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.