கொலையாளியைச் சொல்லாதீங்க!

மெர்டேகா என்ற சுதந்திரம் வந்த கையோடு காஜா பேராங் வட்டார வாசகசாலைக்கும் ஒரு தேர்வுக் குழு வந்துவிட்டது. எந்தப் புத்தகம் அலமாரி ஏறலாம், எது கூடாது என்று தீர்மானிப்பது அதன் வேலை. குழுவில் ஒரே பெண் சிவகாமசுந்தரி. புதன்கிழமைப் பெண்கள் நேரத்தை நடத்துபவளும் அவள்தான். பெண்கள் நேரம் என்றால் அவளும் மின்விசிறியும். அலமாரி முழுக்க அறிவுரை நூல்கள். வீட்டில் கிடைக்காத அறிவுரையா? ஆள் வராவிட்டால் அந்த நேரத்தைக் கேரம் கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைவர் கலியாணசுந்தரம் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்தது.

அதனால்தான் துணிந்து ஒரு துப்பறியும் நாவலைப் பரிந்துரைத்தாள். மறுப்பவர் நூலை முழுக்கப் படித்துவிட்டு, கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. கலியாணசுந்தரம் மறுத்தார், நாவலை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"இது குடும்பத்துக்கு ஆகாதுலா," என்று அடுத்த கூட்டத்தில் ஆரம்பித்தார்.

"ஏன் ஆகாது? விதிப்படி சொல்லுங்கண்ணே," என்றாள் சிவகாமசுந்தரி.

பங்களாவில் பிணம், கிணற்றில் கத்தி, மாடியில் யாரோ நடக்கும் சத்தம். மனிதர் குரலைத் தாழ்த்திக் கண்ணை உருட்டிச் சொன்னார். பொருளாளர் நாகூர் மீரானின் கோப்பி ஆறி ஆடை கட்டியது. இன்னோர் உறுப்பினர் ஜெயபாலன், பத்து பெரெண்டாம் ஊருக்குப் போகும் பஸ்ஸைக் கோட்டை விட்டார்.

"அந்தக் கொலையச் செஞ்சது யாருன்னா..." கலியாணசுந்தரம் துண்டைத் தேடினார்.

"சொல்லாதீங்க!" நாகூர் மீரான் மேசையில் அடித்தார். "நாங்க படிக்க வேணாமா?"

"அப்ப காரணம் பாதியில நிக்குது. மறுப்பு செல்லாது," என்றாள் சிவகாமசுந்தரி. எல்லாக் கைகளும் உயர்ந்தன. தோற்றுப்போன தலைவர் நிம்மதியாக வியர்வை துடைத்தது அவளுக்கு விசித்திரமாகப் பட்டது.

புதன்கிழமை கதவைத் திறந்தால், கலியாணசுந்தரத்தின் மனைவி பூங்காவனம் நாவலோடு நின்றாள். பின்னால் தெருப் பெண்கள் மொத்தமும்.

"அவரு பாதி படிக்கயிலேயே நான் புடுங்கிட்டேன். இவளுங்ககிட்டக் கொஞ்சம் கதை சொன்னேன், மீதியக் கேக்க வந்துட்டாளுங்க. இதே மாதிரி இன்னும் வாங்கிப் போடும்மா!"

சிவகாமசுந்தரி சந்தோஷமாக எல்லாரையும் உள்ளே அழைத்தாள். பெஞ்சு போதாமல் பாய் விரித்தாள். பூங்காவனம் கடைசி அத்தியாயத்தைப் பிரித்ததும் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. கலியாணசுந்தரம், சைக்கிளைப் பிடித்தபடி.

"சிவகாமி, யாருன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்."

"இது பெண்கள் நேரம்ண்ணே," என்று ஜன்னலைச் சாத்தினாள் அவள்.