எட்டு நிமிட வெளிச்சம்

ஒரு துளை. ஊசி முனை போய்விட்டு வந்த அளவு.

அதற்குள் தூத்துக்குடி வெயில் மொத்தமும் நுழைகிறது. உப்பளம் நுழைகிறது. உப்புக் குவியல் நுழைகிறது. மாதா கோயில் கோபுரமும் நுழைகிறது, தலைகீழாக. ஊரே அண்ணாந்து பார்க்கிற கோபுரம்தான். ஆனாலும் ஒரு பால்பவுடர் டப்பாவுக்குள் வரவேண்டுமென்றால் தலையைக் கீழே போட்டுத்தான் வரவேண்டியிருக்கிறது.

சூசைமாணிக்கத்துக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

அவருக்குத் துறைமுகத்தில் லாரிகளை எடை போடுகிற வேலை. வயது ஐம்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் டப்பாவும் கையுமாக மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அந்த டப்பாதான் அவர் கேமரா. லென்ஸ் கிடையாது. பேட்டரி கிடையாது. டப்பாவுக்குள் கறுப்புப் பெயின்ட். ஒரு பக்கம் ஊசித்துளை. எதிர்ப்பக்கம் வெளிச்சம் பட்டால் கறுக்கிற தாள்.

துளையின் மேல் ஒரு துண்டு டேப். உரித்தால் படம் ஆரம்பம். ஒட்டினால் முடிவு. நடுவில் உள்ளது காத்திருப்பு. அதற்குக் கலை என்று பெயர் வைத்தது அவர்தான்.

ஊரில் ஓர் ஒளிப்பட மன்றம் உண்டு. தலைவர் ஒரு பல் டாக்டர். முழங்கை நீள லென்ஸ் வைத்துக்கொண்டு, பூநாரைக்குச் சொத்தைப் பல் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி படம் எடுப்பவர். அந்த மன்றத்தில் சூசைமாணிக்கம் ஒருமுறை அரை மணி நேரம் பேசினார்.

“சூரிய வெளிச்சம் நம்மகிட்ட வந்துசேர எட்டு நிமிஷம் ஆகுது. அவ்வளவு தூரம் வந்த விருந்தாளியை ஒரே நொடியில விரட்டலாமா? நான் படம் எடுக்கல. காலத்தை உட்காரவைக்கிறேன்.”

கைத்தட்டல். பிறகு தலைவர் கேட்டார்: “சார், இதுல செல்ஃபி வருமா?”

அந்தத் தாளில் நடப்பவர்களின் உருவம் விழாது. உப்பளத்தில் நாற்பது பேர் கூடை சுமந்து போனார்கள். ஒருவர்கூட விழவில்லை. இறக்கிவைத்த ஒரு கூடை மட்டும் விழுந்தது. அசைவது கரையும். அசையாதது நிற்கும்.

அதனால்தான் அமலோற்பவம் ஒரு படத்திலும் இல்லை.

அவர் மனைவி. பள்ளிக்கூடத்து டீச்சர். மூன்று தடவை உட்காரவைத்துப் பார்த்தார். முதல் தடவை குக்கர் விசில். அடுத்த தடவை கொடியில் துணி. மூன்றாம் தடவை வாசலில் மீன்காரம்மா. “இதோ வந்துட்டேன்” என்று எழுந்து போனவள்தான். மூன்று தாளிலும் நாற்காலி விழுந்தது. நான்கு கால்களும் கச்சிதமாக.

குளியலறைதான் இருட்டறை. மூன்று பிளாஸ்டிக் தட்டு. படத்தை எழுப்புகிற மருந்து, தண்ணீர், எழுந்ததை நிலைக்கவைக்கிற ஹைப்போ. வெளிச்சத்துக்கு ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அது திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிகிற பல்பு. பூசை முடிந்து வந்த கையோடு கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

“ஆண்டவரை இருட்டுல விட்டுட்டு உள்ள என்ன செய்யுதீங்க?” கதவுக்கு வெளியே அமலோற்பவம்.

“அவருக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.”

ஐப்பசி பிறந்தது. உப்புக் குவியல்களை ஓலையால் மூடினார்கள். வானம் தாழ்ந்து வந்து உப்பளத்தின் மேல் படுத்துக்கொண்டது.

அந்த வாரம்தான் பதவி உயர்வு உத்தரவு வந்தது. அமலோற்பவம் தலைமையாசிரியை. ராமநாதபுரத்தைத் தாண்டி ஒரு கடற்கரை ஊர். திங்கட்கிழமை சேரவேண்டும். தங்க ஓர் அறை. மாதத்துக்கு ஒருமுறை வீடு.

அவள் சொன்னாள். அவர் கேட்டார். கேட்டுவிட்டு, “அங்க பஸ் வசதி நல்லா இருக்கும்” என்றார்.

அவள் இன்னும் ஏதாவது வருமோ என்று நின்றாள். வரவில்லை. புடவை மடிக்கப் போய்விட்டாள்.

அது சொல்லவேண்டிய வாக்கியம் இல்லை என்று அவருக்கே தெரியும். வேறு ஒன்று உள்ளே விழுந்துதான் கிடந்தது. மருந்தில் போடாத தாள் மாதிரி. பார்த்தால் வெறும் வெள்ளை. காலத்தைப் பற்றி மன்றத்தில் அரை மணி நேரம் பேசியவருக்கு வீட்டில் ஒரு வரி கிடைக்கவில்லை.

ஞாயிறு மதியம். மேகம். டப்பாவோடு வந்து நின்றார்.

“ஒரு படம்.”

“விடிஞ்சா கிளம்பணும். ஊறுகா பாட்டில்கூட இன்னும் கட்டல.”

“எட்டு நிமிஷம். வெயில் இல்ல, அதான்.”

அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். பிறகு படியேறினாள்.

மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அவள். பின்னால் விரிசல் விட்ட கைப்பிடிச் சுவர். அவர் டேப்பை உரித்தார்.

ஒரு நிமிடம். அவள் அசையவில்லை. காற்று வந்து முந்தானையைக் கேட்டது, அவள் கொடுக்கவில்லை. இரண்டு நிமிடம். காகம் ஒன்று சுவரில் உட்கார்ந்து, தனக்குப் பொறுமை இல்லை என்று போய்விட்டது. மூன்று.

கீழே குக்கர் கூவியது. இன்னொரு தடவை கூவியது. அமலோற்பவத்தின் கண் மட்டும் படிக்கட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. அவள் எழுந்திருக்கவில்லை.

அவர் இறங்கினார். பதிந்துகொண்டிருக்கிற படத்தை விட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனது இதுதான் முதல் தடவை. எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்பதிலேயே ஒரு விசில் போனது.

திரும்பும்போது கட்டிலைப் பார்த்தார். அவள் படுக்கிற பக்கத்தில் பெட்டி. மூடி, பட்டை போட்டு, தயாராக. சின்னப் பெட்டிதான். தினமும் லாரிகளை எடை போடுகிறவர், இதைத் தூக்கிப் பார்க்கத் துணியவில்லை.

மாடிக்கு வந்தபோது ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. டப்பா பக்கம் போகவில்லை. காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“படம் கெட்டுரும்,” என்றாள், உதடு அசையாமல்.

“கெடட்டும்.”

உப்பளம் வெளுத்துக் கிடந்தது. தூரத்தில் மழை நடந்து வந்துகொண்டிருந்தது.

“நீ போறது எனக்குப் பிடிக்கல. போகாதேன்னு சொல்லல. பிடிக்கலைன்னு மட்டும் சொல்லுதேன்.”

அவள் முகம் திரும்பவில்லை. கை மட்டும் நகர்ந்தது. மடியிலிருந்து எழுந்து, அவர் கைமேல் வந்து படுத்தது.

எட்டாவது நிமிடம் முதல் துளி விழுந்தது. எழுந்து டேப்பை ஒட்டினார்.

அன்றைக்கு அவளும் குளியலறைக்குள் வந்தாள். சிவப்பில் இரண்டு பேர். தாளை மருந்தில் நழுவவிட்டார். முதலில் நாற்காலிக் கால். பிறகு சுவர். பிறகு அவள். நெகட்டிவ்வில் கறுப்பு வெளுக்கும், வெளுப்பு கறுக்கும். நரைத்த தலையோடு, இன்னும் இருபது வருடம் கழித்து வரவேண்டிய அமலோற்பவம் தண்ணீருக்கடியிலிருந்து பார்த்தாள்.

“கிழவி நல்லாத்தான் இருக்கா,” என்றாள்.

மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, இன்னொரு தாளின் மேல் கவிழ்த்து, கண்ணாடி வைத்து, வெள்ளை விளக்கை இமைப்பொழுது எரியவிட்டு, மறுபடி மருந்து. இப்போது கறுப்பு கறுப்பானது. மழை குளியலறை ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அமலோற்பவம் முழுதாக இருந்தாள். மூக்குத்தி உட்பட. வலது கை மட்டும் பனி.

பக்கத்தில் சூசைமாணிக்கம். புகை மாதிரி. சுவர் விரிசல் அவர் நெஞ்சு வழியாக ஓடியது.

அவள் தாளைச் சிவப்பில் சாய்த்துப் பார்த்தாள்.

“எட்டுல மூணு நிமிஷம்தான் வந்திருக்கீங்க. நம்ம இருபத்துநாலு வருஷத்தையும் எடுத்தா இப்படித்தான் விழும். சரியாத்தான் விழுந்திருக்கு.”

 இதைப் பல் டாக்டர் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பார்.

பெட்டியைத் திறந்து, படத்தைப் புடவைகளுக்கு நடுவில் வைத்தாள். அவர் பல்பைக் கொண்டுபோய் ஆண்டவருக்கு முன்னால் மாட்டினார். யாரும் சொல்லாமல்.

திங்கள் விடிந்தது. மழை விட்டிருந்தது. பஸ் ஜன்னலோரம் அவள்.

“மாசக் கடைசியில நான் அங்க வாரேன். டப்பாவோட.”

“வாங்க. முதல் நிமிஷத்துலயே வந்து உக்காருங்க.”

பஸ் நகர்ந்தது. அவர் நகரவில்லை. பின்னால் ஓர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். அப்போதும் நகரவில்லை. உப்பளத்துச் சாலையில் பஸ் பெட்டியளவானது. டப்பாவளவானது. பொட்டளவானது.

பிறகு ஒரு துளை. ஊசி முனை போய்விட்டு வந்த அளவு.

அதற்குள் மொத்தமும் நுழைந்தது.