புதிய மாதிரிக் கட்டுரை

மொன்றியல் நகரத்தில் ஆங்கிலம் உயிரோடிருப்பது ஒரே ஓர் இடத்தில்தான் என்பது குணேஸ்வரியின் கணிப்பு. அந்த இடம் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்விலில் இருந்த அவளுடைய வீட்டின் நிலக்கீழ் அறை. வெளியே பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்தை மதிப்பதில்லை, தமிழ்ப் பிள்ளைகள் அதைப் போனில் மென்று துப்புகிறார்கள், ஆங்கிலேயரின் வாரிசுகளோ எழுத்துக்கூட்டத் தெரியாமல் அலைகிறார்கள். சனிக்கிழமை காலைகளில் அவள் ஒருத்திதான் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

திருகோணமலையில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள் அவள். அங்கே அவள் நடந்துவந்தால் விறாந்தையே அடங்கும் என்பாள். அதைச் சொல்லக் கேட்டவர்கள் அநேகம் பேர், கண்டவர் ஒருவரும் இங்கே இல்லை. மொன்றியலுக்கு வந்த புதிதில் அவள் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி பிரித்தாள். குளிரில் விறைத்த விரல்களால் அழுகலைப் பொறுக்கி எறிந்த அந்தக் காலத்தைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை. ரியூசன்தான் அவளை அங்கிருந்து மீட்டது.

இப்போது அந்த ரியூசனும் ஈயோட்டத் தொடங்கிவிட்டது. ஒரு காலம் படிக்கட்டுவரை பிள்ளைகள் இருந்தார்கள். இந்த வருடம் ஒரு மேசைக்கே ஆள் காணாது. அவளுடைய கணவர் யோகராசா இன்னும் சந்தையில்தான் வேலை செய்தார். அவர் ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே மெல்லமாகச் சொன்னார்.

"இஞ்சரும், முதலாளியிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். செப்ரெம்பரிலை ஆள் தேவையாம்."

"தக்காளி பொறுக்கவோ நான் படிச்சனான்?"

"தக்காளி மட்டுமில்லை, கத்தரிக்காயும் இருக்கு" என்றார் யோகராசா. அவர் பகிடி விட்டாரா, உண்மையாகத்தான் சொன்னாரா என்பது அவளுக்கு விளங்கவில்லை. அவர் சொல்வதை விளங்கிக்கொள்ள அவள் என்றைக்கும் மினக்கெட்டதுமில்லை.

அவளுடைய வித்தை மாதிரிக் கட்டுரை. அவள் சொல்ல, பிள்ளைகள் எழுதி, பாடமாக்கி, பரீட்சையில் அப்படியே கக்க வேண்டும். 'மறக்க முடியாத பயணம்' என்ற அவளுடைய கட்டுரையில் ஒரு மாமா ரயிலில் குடையைத் தொலைப்பார். அந்த ரயில் நுவரெலியாவுக்குப் போன ரயில். மொன்றியலுக்கு வந்தபின் அதைக் கியூபெக் நகரத்துக்குத் திருப்பிவிட்டாள், மாமாவையும் குடையையும் மாற்றவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில், இவளிடம் படித்த பிள்ளைகள் எல்லோருடைய மாமாக்களும் ஒரே ரயிலில் குடை தொலைத்திருப்பது எப்படி என்று ஆசிரியை கேட்டிருக்கிறாள். டினோஜன் என்ற பெடியன் வந்து அதைச் சொன்னபோது குணேஸ்வரி அசையவில்லை.

"குடை துலைக்காத மாமா எந்தக் குடும்பத்திலையடா இருக்கிறார்? அவளுக்குக் குடும்பமே இல்லைப் போலை."

இப்படியான இடத்துக்குத்தான் அந்தச் சீனப் பையன் வந்து சேர்ந்தான். தெருமுனையில் டெப்பனர் என்று இங்கே சொல்லும் சின்னக் கடையை நடத்தும் பெண்ணின் மகன். சென் ஹாவ்ரன் என்பது அவன் பெயர். முதல் நாள் அவன் அதைச் சொன்னான், குணேஸ்வரி தலையாட்டினாள், அடுத்த நிமிடமே 'சைனா' என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு படித்த அவனுக்கு ஓர் ஆங்கிலக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. பரீட்சையில் ஒரு கட்டுரை, அதன்பின் அதைப் பற்றி ஒரு நேர்முகம். அவன் தேறினால் கடைக்கு வந்துபோகும் சீனத் தாய்மார் அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று தாய் சொல்லியிருந்தாள். தேறாவிட்டால் என்ன என்று அவள் சொல்லவில்லை. குணேஸ்வரிக்குத் தக்காளிப் பெட்டி கண்முன் வந்தது.

பையன் விசித்திரமான பிறவி. ஆங்கிலச் சொற்களை அகரவரிசையில் தின்றுகொண்டு வந்திருந்தான். 'அபண்டன்' என்ற சொல்லில் தொடங்கி எங்கேயோ நடுவில் நின்றான், அதற்கு அப்பாலுள்ள எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் அவனுக்கு அந்நியம். இலக்கண விதி கேட்டால் மெசின் மாதிரிச் சொல்வான். ஆனால் நேற்று நடந்ததை நாளைக்கு நடப்பதுபோல எழுதுவான், தாயை 'அவன்' என்பான், தகப்பனை 'அவள்' என்பான். தங்கள் பாசையில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான் என்று ஒருமுறை விளக்கப் பார்த்தான்.

"ஆணையும் பெண்ணையும் பிரிக்கத் தெரியாத பாசையும் ஒரு பாசையோ" என்று டினோஜனைப் பார்த்துத் தமிழில் சொன்னாள் குணேஸ்வரி. டினோஜன் சிரித்தான். சைனாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரிப்புத் தெரியும். அவன் குனிந்து தன் பயிற்சியைப் பார்த்தான்.

பாடமாக்குவதில் அவனை அடிக்க ஆளில்லை. குடை தொலைத்த மாமாவை ஒரே மூச்சில் ஒப்புவித்தான். அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது, ஆனாலும் ஏதோ இடித்தது. அந்த ஒப்புவிப்பில் அவன் குரலில் ஒரு சலிப்பு இருந்தது. தன் கட்டுரையைச் சலிப்போடு சொல்ல இவன் யார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு அவ்வளவு கெட்டித்தனம் எண்டால் நீயே ஒண்டு எழுதிக்கொண்டு வா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "தலைப்பு, 'நான் மறக்காத ஆசிரியர்'. எழுதிப் பார், அப்ப தெரியும்."

அடுத்த சனி அவன் எழுதிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, போய் இருக்காமல் அங்கேயே நின்றான். அவள் தேநீரையும் பிஸ்கற்றையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டுச் சிவப்புப் பேனையை எடுத்தாள்.

'எங்கள் ஆசிரியை பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடி எங்களுக்கு ஆங்கிலம் சொல்வார்' என்று கட்டுரை தொடங்கியது. 'பிஸ்கற் உடைந்து தேநீருக்குள் விழுந்தால் அன்றைக்கு எங்களில் ஒருவனுக்கு ஏச்சு நிச்சயம். பலகையைப் பழைய காலுறையால் துடைப்பார். நாங்கள் போகாத ஊர்களுக்குப் போனதாக எழுத வைப்பார். எங்கள் கேள்விகளை அவர் கேட்பதில்லை, ஏனென்றால் விடை முன்கூட்டியே அவரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் தான் பெரிய ஆள் என்று அடிக்கடி சொல்வார். அதை நம்புகிறவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். அவருக்கு எங்களைப் பிடிக்காது, அதனால் அவரிடம் நாங்கள் ஒன்றை மட்டும் நன்றாகப் படித்தோம், அது பிடிக்காமல் இருப்பது எப்படி என்பது. நான் அவரிடம் குளிர் காலம் முழுவதும் படித்தேன். என் பெயர் அவருக்குத் தெரியாது.'

குணேஸ்வரி வாசித்துக்கொண்டே திருத்தினாள். காலம் பிழைத்த வினைகளை நேராக்கினாள். விடுபட்ட இடங்களில் 'த' என்ற ஆங்கிலச் சுட்டுச்சொல்லைப் போட்டாள். 'பிடிக்காது' என்ற சொல் சப்பென்று இருந்ததால் வெட்டிவிட்டு, ஏளனம் என்று பொருள்படும் கனமான சொல் ஒன்றை எழுதினாள். வாசித்து முடித்தபோது அவளுக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு கட்டுரையை அவளுடைய மாணவர் எவரும் எழுதியதில்லை, அவளும் எழுதியதில்லை.

சீனாவில் எப்படிப்பட்ட கழுதைகளெல்லாம் ஆசிரியராக இருக்கிறார்கள் என்று அவள் வியந்தாள். ஆம், அவளுக்குத் தோன்றியது அதுதான். பக்கத்தில் பிஸ்கற் இருந்தது, பின்னால் பலகையின் ஆணியில் யோகராசாவின் காலுறை தொங்கியது, ஆனாலும் தோன்றவில்லை. குணேஸ்வரியிடம் தன்னைப் பற்றி ஒரு படம் இருந்தது. அதில் அவள் கஞ்சி போட்ட சேலையில் விறாந்தையில் நடந்து வருகிறாள். அந்தப் படத்தில் இருந்தவள் தேநீரில் எதையும் தோய்ப்பதில்லை.

"பிள்ளையின்ரை பேர் தெரியாமல் ஒருத்தி படிப்பிச்சிருக்கிறாள்" என்று அவள் வகுப்பைப் பார்த்து ஆத்திரப்பட்டாள். பிறகு பையனிடம் திரும்பி ஆங்கிலத்தில், "டேய் சைனா, நல்லா எழுதியிருக்கிறாய்" என்றாள்.

பையன் அவளை உற்றுப் பார்த்தான். அவன் ஏச்சை எதிர்பார்த்து வந்திருந்தான், வெளியே போ என்பதையும் எதிர்பார்த்திருந்தான். இதை எதிர்பார்க்கவில்லை. இவளோடு சண்டை பிடிப்பதற்குக்கூட வழியில்லை என்ற முடிவுக்கு அவன் அப்போது வந்திருக்க வேண்டும். திருத்திய தாளை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் இருந்தான்.

மேசையில் டினோஜன் சட்டையைக் கடித்துக்கொண்டு குலுங்கினான். பக்கத்தில் இருந்த றஜனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டுரை அவர்களை உருக்கிவிட்டது என்று நினைத்த குணேஸ்வரி அன்றைக்கே அதைப் புதிய மாதிரிக் கட்டுரையாக அறிவித்தாள். எல்லோரும் எழுதிப் பாடமாக்க வேண்டும். அவர்கள் வாழ்நாளில் ஒரு பாடத்தையும் அவ்வளவு ஆசையாகப் பாடமாக்கியதில்லை. அடுத்தடுத்த சனிகளில் அவள் முன்னால் எழுந்து நின்று, அவளையே பார்த்து, ஒருவர் மாறி ஒருவர் ஒப்புவித்தார்கள். 'அவர் ஒருவர்தான்' என்ற இடத்தில் குரலை உயர்த்தச் சொல்லி அவளே பழக்கினாள்.

யோகராசா மேலே குசினியிலிருந்து இதைக் கேட்டார். மத்தியானம் சாப்பாட்டு நேரம் மெல்லமாகக் கேட்டார்.

"அந்தச் சீன ரீச்சரும் சொக்ஸாலையோ பலகை துடைக்கிறவ?"

"ஓம். சீனாவிலை சனம் கூட, எல்லா வகையும் இருக்கும்."

"இருக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் மிளகாய்ப் பொரியலைக் கடித்தார்.

வசந்தத்தில் பரீட்சை நடந்தது. முடிவு வந்த கிழமை, ஹாவ்ரனின் தாய் ஒரு பெட்டி தோடம்பழத்தோடு வந்தாள். பின்னால் பையன் நின்றான். தாய்க்கு ஆங்கிலம் வராது, உடைந்த பிரெஞ்சில்தான் கதைத்தாள். குணேஸ்வரியின் பிரெஞ்சும் உடைசல்தான் என்பதால் இருவருக்கும் நன்றாக விளங்கியது.

"தேறிவிட்டான், மதாம்" என்றாள். "கட்டுரைக்கு மிக உயர்ந்த புள்ளி. நேர்முகத்தில் கேட்டார்களாம், இப்படி ஓர் ஆசிரியர் உண்மையில் இருக்கிறாரா என்று. உண்மை, எங்கள் தெருவில்தான் இருக்கிறார் என்று சொன்னானாம்."

குணேஸ்வரி சிரித்தபடி இருந்தாள். சிரிப்பு முகத்தில் நிற்க, தலைக்குள் ஏதோ வழுகியது.

"தெருவிலையோ?"

"உங்களைப் பற்றித்தானே எழுதினான். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் உங்களை மறக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறானாம். கடையில் எல்லாத் தாய்மாருக்கும் சொன்னேன். அடுத்த சனி பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கும் அதே கட்டுரையைச் சொல்லிக்கொடுங்கள்."

பலகையின் ஆணியில் காலுறை தொங்கியது. மேசையில் தேநீர், தட்டில் பிஸ்கற். குணேஸ்வரிக்கு ஒவ்வொரு வரியும் தன் சிவப்புத் திருத்தங்களோடு திரும்பி வந்தது. 'ஏளனம்' என்ற அந்தக் கனமான சொல்லைப் போட்டது தானே என்று நினைத்தபோது வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. டினோஜன் ஏன் சட்டையைக் கடித்தான், யோகராசா ஏன் சொக்ஸைப் பற்றிக் கேட்டார் என்பதெல்லாம் இப்போது வெளித்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்த ஒரே மொக்கு அவள்தான்.

பையன் தோடம்பழப் பெட்டியை மேசையில் வைத்தான். அவன் கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

"உங்கள் திருத்தங்கள் மிகவும் உதவின" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னான். அவன் அதை மரியாதையாகத்தான் சொன்னான், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை படிக்கட்டுவரை பிள்ளைகள். மேலே குசினியில் சீனத் தாய்மாருக்கு யோகராசா தேநீர் ஊற்றினார். செப்ரெம்பரில் ஆள் வரமாட்டாள் என்று முதலாளிக்குச் சொல்லிவிட்டதாக அவர் காலையில் சொல்லியிருந்தார். குணேஸ்வரி காலுறையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் துணி ஒன்று வைத்திருந்தாள். பிஸ்கற்றும் எடுக்கவில்லை.

'மறக்க முடியாத பயணம்' என்று பலகையில் எழுதி, மாமாவை ரயிலில் ஏற்றப் பார்த்தாள். ஒரு பெடியன் கையை உயர்த்தினான். அம்மா அதற்கு அனுப்பவில்லை, ஹாவ்ரனின் கட்டுரைக்குத்தான் அனுப்பினார் என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் டினோஜன் கொப்பியை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு அந்தக் கட்டுரை ஏற்கெனவே பாடம்.

குணேஸ்வரி பலகையைத் துடைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"எழுதுங்கோ" என்றாள். "எங்கள் ஆசிரியை பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடி..."

பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். ஏச்சையும் காலுறையையும் ஏளனத்தையும் அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தாள், எழுத்துக்கூட்டியும் சொன்னாள். கடைசி வரியில் குரல் கொஞ்சம் இறங்கியது. "என் பெயர் அவருக்குத் தெரியாது. முற்றுப்புள்ளி."

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உன்ரை பேர் என்ன?" என்று குணேஸ்வரி ஆங்கிலத்தில் கேட்டாள்.

பெண் சொன்னாள். குணேஸ்வரிக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கேட்டாள். பெண் இன்னொருமுறை சொன்னாள், குணேஸ்வரி அதைச் சொல்லிப் பார்த்தாள், வாயில் வேறு ஏதோ வந்தது.

அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். மொக்குகளுக்குச் சொல்வதுபோல, சத்தமாக, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.