பஞ்சுவுக்குச் சர்க்கரை குறைந்த கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் அக்கா மகள் மெத்தைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு நடந்தது. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, சிரித்துச் சிரித்துப் புரையேறச் சொன்னாள். அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நான் மனதுக்குள் முதல் பத்தியை எழுதிவிட்டேன். கதை எழுதுகிற சித்தி இருக்கிற வீட்டில் எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

எழுதிக்கொள் என்று பெரிய மனது பண்ணினாள். கூடவே நிபந்தனைகளும் போட்டாள். எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அவளிடம் காட்ட வேண்டும். நாயகி ஜன்னலோரம் நின்று வானத்தை வெறிக்கக் கூடாது. யாரும் தலையணையை நனைக்கக் கூடாது. "பாவம்" என்ற சொல் எங்கேயும் வரவே கூடாது. (வந்துவிட்டது. இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன்.)

சொந்தப் பெயரும் வேண்டாமாம். ஆகவே நாயகிக்குப் பஞ்சு என்று பட்டப்பெயர் வைத்தேன். இப்போதெல்லாம் மெத்தைக்குள் பஞ்சே கிடையாது, எல்லாம் நுரையும் ஸ்பிரிங்கும்தான் என்று திருத்தினாள். நுரை என்று ஒரு பெண்ணைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

பஞ்சுவின் வாழ்வில் இனிப்பே கசப்பாக மாறிப்போன அந்த நாள்—

குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் அக்கா மகளின் கையெழுத்தில்: "வாந்தி வருது சித்தி."

இரண்டாம் முயற்சி:

கணையம் எனப்படும் உறுப்பானது இரைப்பைக்குப் பின்புறம்—

இதற்கும் கோடு. இதைப் பள்ளிக்கூடத்திலேயே எழுதி மதிப்பெண் வாங்கியாயிற்றாம்.

மூன்றாம் முயற்சி:

பஞ்சு பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அவளுடைய கணையம் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டது. மிட்டாய் அதிகம் தின்றதால் இல்லை. அவள் அம்மா செல்லம் கொடுத்ததாலும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே ஆள் அடையாளம் தெரியாமல், இன்சுலின் சுரக்கிற வீட்டு ஆட்களை அடித்துத் துரத்திவிட்டார்கள். இன்சுலின் இல்லாவிட்டால் சாப்பிட்டது ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், உடம்புக்கு ஒட்டாது. அன்றிலிருந்து அந்த வேலையைப் பஞ்சுவே பார்க்கிறாள். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. சாப்பிடும் முன் தட்டைப் பார்த்து, இதற்கு எவ்வளவு மருந்து என்று மனக்கணக்குப் போட்டு, பேனா மாதிரி இருக்கிற ஊசியால் வயிற்றில் குத்திக்கொள்கிறாள். மருந்து கூடிப்போனால் சர்க்கரை இறங்கும், குறைந்துபோனால் ஏறும். மற்றவர்களுக்கெல்லாம் கணையம் இதைத் தூங்கிக்கொண்டே செய்துவிடுகிறது. பஞ்சுவோ கணக்குப் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவள்.*

* அக்கா மகள்: "நான் கணக்குல எண்பத்திரெண்டு. மாத்து."
(மாற்ற மாட்டேன். எண்பத்திரெண்டு வாங்கியவள் அக்கா மகள். பஞ்சு வேறு ஆள். கதை எழுதுகிறவருக்கு இந்த ஒரு சுகமாவது வேண்டாமா?)

3

கடைக்கு வருவோம். நீளமான கடை. இரண்டு பக்கமும் கட்டில்கள், கட்டில்மேல் உறை பிரிக்காத மெத்தைகள். செருப்போடு ஏறிப் படுத்துப் பார்க்கிறவர்களுக்காகக் கால்மாட்டில் மட்டும் ஒரு ரெக்சின் துண்டு. உள்ளே போனால் புது நுரையும் பசையும் கலந்த வாசம் அடிக்கும், கொஞ்ச நேரத்தில் கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவியை வைத்தே வியாபாரம் பண்ணிவிடுவார் முதலாளி. பேச்சில் கில்லாடி. முதுகுவலிக்காரர். வீட்டில் தரையில்தான் படுக்கிறார், அது கடை ரகசியம்.

பஞ்சு தனக்குச் சர்க்கரை இருப்பதை முதலாளியிடம் சொல்லவில்லை. இதற்கு முன் வேலை கேட்டுப் போன இடத்தில் சொல்லிப் பார்த்தாள். அங்கே அவளை உட்காரவைத்து, விசிறிவிடாத குறையாக உபசரித்து, உனக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம் என்று மிகுந்த அன்போடு வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள். அந்த அன்புக்குப் பயந்துதான் இங்கே வாயைத் திறக்கவில்லை. இந்த வேலை அவளுக்கு நிலைக்க வேண்டும்.

சட்டைக் கைக்குள் ஒரு சென்சார் ஒட்டியிருப்பாள், பெரிய பொத்தான் அளவுக்கு. அது சர்க்கரையைப் பார்த்துப் பார்த்துப் போனுக்குச் சொல்லும். சர்க்கரை இறங்கினால் போன் கத்தும். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் போனை எடுக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். அதனால் பஞ்சு போனை இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் செருகிவைத்திருந்தாள்.

அன்று மதியம் பின்னறையில் ஊசி போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கப் போனவளை முதலாளி கூப்பிட்டுவிட்டார். ஒரு கணவனும் மனைவியும் மெத்தை பார்க்க வந்திருந்தார்கள். மேலடுக்கில் இருந்ததை இறக்கு என்றார், இறக்கினாள். புரட்டிக் காட்டு என்றார், புரட்டினாள். வயிற்றுக்குள் சாப்பாடு போகவில்லை, மருந்து போய்விட்டது, போதாததற்கு மெத்தை தூக்கிய உழைப்பு வேறு.

(இந்த இடத்தில் அக்கா மகள் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள். இந்த மாதிரிப் பிள்ளைகள் பையில் குளுக்கோஸ் வில்லை இல்லாமல் வாசப்படி தாண்ட மாட்டார்களாம். பஞ்சுவை இவ்வளவு மக்காகக் காட்டினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பஞ்சுவின் பையில் டப்பா இருந்தது, டப்பாவில் வில்லை இல்லை என்றேன். எங்கே போயிற்று என்றாள். முந்தின வாரம் டிவி பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக நொறுக்கித் தின்றுவிட்டாள் என்றேன். அக்கா மகள் பக்கத்தை என் கையில் திணித்தாள். "அது ஒரே ஒரு தடவைதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆக, டப்பா காலி.)

4

முதலில் மெத்தை கத்தியது.

வந்த அம்மாள் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஸ்பிரிங் இப்படித்தான் சத்தம் போடுமா என்றார். முதலாளி அரைக் கணம் யோசித்து, இது புது மாடல் என்றார்.

பஞ்சுவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. கை தந்தியடித்தது. சர்க்கரை இறங்கும்போது சிலருக்கு அழுகை வரும், சிலருக்குக் கோபம் வரும். பஞ்சுவுக்கு உண்மை வரும். வந்தவரின் கணவர் எந்த மெத்தை நீடித்து உழைக்கும் என்று கேட்க, அவர் கை வைத்திருந்த விலையுயர்ந்த மெத்தையைக் காட்டி, "இது வேணாம் சார், நடுவுல குழி விழும்" என்றாள். முதலாளியின் முகம் போன போக்கை நான் எழுத முயன்று மூன்று முறை தோற்றுவிட்டேன்.

முதலாளியின் முகம் வாடிய—
முதலாளியின் முகம், உறை பிரித்த—
முதலாளியின் முகம்

(விட்டுவிடுகிறேன். உங்களுக்கு ஒரு முதலாளி இருப்பார், அவர் முகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

பிறகு கால் துவண்டு, குழி விழும் என்று சொன்ன அதே மெத்தையில் பஞ்சு சரிந்து படுத்தாள். படுத்ததும் தூக்கம் வருதே, நல்ல மெத்தைதான் போலிருக்கு என்றார் கணவர். முதலாளிக்கு உயிர் வந்தது. இரண்டு தம்ளர் ஜூஸ் ஊற்றி, வந்தவர்களிடம் நீட்டினார். வியாபாரம் படிகிற நேரத்தில் மட்டும்தான் ஜூஸ் வரும்.

பஞ்சு அம்மாள் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். இனிமேல் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. நாக்கைப் புரட்டி, "எனக்குச் சர்க்கரை குறைஞ்சிடுச்சு" என்றாள்.

அம்மாளின் முகம் மலர்ந்தது. "நெஜமாவா? எனக்கு எறங்கவே மாட்டேங்குதும்மா. என்ன பண்ணினே, நடையா, பட்டினியா?"

இதுதான் இந்தக் கதையின் வில்லன். ஆள் இல்லை, ஒரு சொல். நம் மொழியில் சர்க்கரை என்றால் டப்பாவில் இருப்பது, ரத்தத்தில் ஓடுவது, உடம்புக்கு வந்த நோய், மூன்றும்தான். வயதானவர்கள் சர்க்கரை குறைந்தால் வீட்டில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்வார்கள். பஞ்சு மாதிரி ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைக்கு ஒரேயடியாகக் குறைந்தால், உடனே வாயில் இனிப்பு போக வேண்டும், இல்லாவிட்டால் நினைவு தப்பும். வாக்கியம் இரண்டும் ஒன்றுதான்.

பஞ்சு மறுபடி முயன்றாள். சர்க்கரை வேணும் என்றாள். அதுதான் உனக்கு ஏற்கெனவே இருக்கே என்றார் அம்மாள், பிரியமாக. சர்க்கரை இல்ல என்றாள். இல்லையா, சுத்தமாப் போயிடுச்சா, எந்த டாக்டர் என்று கேட்டார். பேசிப் பயனில்லை என்று தம்ளரை எட்டிப் பிடித்தபோது, முதலாளி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். அவர் தன் அப்பாவின் கையிலிருந்து வருஷக்கணக்காக இனிப்பைப் பிடுங்கியவர். சர்க்கரை இருக்கிற பிள்ளை தன் கடையில் ஜூஸ் குடித்து எதுவும் ஆகிவிடக் கூடாது என்று உண்மையாகவே பதறினார். கெட்டவராக இருந்திருந்தால் தம்ளரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார், அவளும் குடித்திருப்பாள்.

5

இந்த இடத்தில் எனக்குக் கதை நின்றுவிட்டது. கையில் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) கடைக்குள் ஒரு டாக்டர் மெத்தை வாங்க வருகிறார். இது எனக்கே கூச்சமாக இருந்தது.

(ஆ) பஞ்சு மயங்கிவிடுகிறாள். முதலாளி மனம் மாறி, அவள் வாயைத் திறந்து ஜூஸை ஊற்றுகிறார். அக்கா மகள் இந்தப் பத்தியைக் கிழித்தே போட்டாள். மயங்கின ஆள் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாதாம், நுரையீரலுக்குள் போய்விடுமாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டுமாம். கதைதானே என்றதற்கு, கதையைப் படிச்சிட்டு எவனாவது என் வாயில ஊத்தினா என்று கேட்டாள்.

(இ) தம்ளர் முதலாளியின் கையில், பஞ்சுவின் கண் தம்ளரில், அவ்வளவுதான். முடிவு வாசகர் கையில். இலக்கியம் தெரிந்தவர்கள் இப்படித்தான் முடிப்பார்கள் என்று சொல்லி, மேற்கொண்டு ஒரு குறிப்பும் எழுதத் தொடங்கினேன்: திறந்த முடிவு என்பது வாசகருக்கு எழுத்தாளர் தருகிற—

"சித்தி, அவ அங்க நடுங்கிட்டுக் கிடக்கறா. நீ இங்க உக்காந்து முடிவு பத்திக் கட்டுரை எழுதறே. மொதல்ல அவளுக்குக் குடிக்கக் கொடு."

சிரிக்கவில்லை அவள். இந்தக் கதையை எனக்குச் சொன்னபோது அவ்வளவு சிரித்தாளே, அப்போது அந்த மெத்தையில் எவ்வளவு பயந்தாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்டேன். ரொம்ப, என்றாள்.

அப்புறம் என்னதான் சொன்னாய் என்று கேட்டேன். சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

6

பஞ்சு விளக்குவதை விட்டுவிட்டாள். வாக்கியம் அமைக்கிற தெம்பு இல்லை. உடம்பில் என்ன இருந்ததோ அது மட்டும் வாயில் வந்தது.

"பசிக்குது."

அம்மாள் முதலாளியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் ஒரு சாண் குறைந்துபோனார். "புள்ளை சாப்பிடலையா?"

நான்தான் பாதியில் கூப்பிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே முதலாளி தம்ளரை அம்மாளிடம் கொடுத்துவிட்டு, முதுகுவலியை மறந்து, சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கப் பின்னறைக்கு ஓடினார். சாப்பாடு வருகிறவரைக்கும் இதைக் குடி என்று அம்மாளே பஞ்சுவைத் தூக்கி உட்காரவைத்து, தம்ளரை அவள் வாயில் வைத்தார். சர்க்கரை, நோய், பத்தியம் எல்லாம் அந்த ஒரு சொல்லின் முன்னால் எடுபடவில்லை. பஞ்சு ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு அம்மாளின் கணவருடைய தம்ளரையும் கேட்காமலே எடுத்துக் குடித்தாள்.

முதலாளி பெட்டியோடு வந்து நின்றார். பஞ்சு மெதுவாக, ஊசியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் மொதல்லயே சொல்லல என்று கேட்டார். சொன்னா அனுப்பிடுவீங்க என்றாள்.

"அனுப்பறதா இருந்தா, குழி விழும்னு சொன்னியே, அதுக்குத்தான் அனுப்பணும்" என்றார் முதலாளி. பிறகு மெத்தையின் ஓரத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குழி விழுந்தது.

முற்று—

"போடாதே சித்தி. ஜூஸ் குடிச்சுப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் திரும்பப் பாக்கணும். ஏறுச்சா இல்லையான்னு தெரியாம எப்படி முடிப்பே?"

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது, அக்கா மகளுக்கும் கடைக்கு நேரமாகிவிட்டது. ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். மெத்தை அகலமானது, நீங்களும் ஓரமாக உட்காரலாம். நேரம் ஆனதும் அவள் போனைப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கொடுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடி அவள்கூடவே உட்கார்ந்திருங்கள்.